திறக்க வேண்டிய கதவும் மூடியிருக்க வேண்டிய கதவும்: அவசர வழிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டடங்களின் தீப்பாதுகாப்பைச் சரிபார்க்கும் வேலையில் எத்தனையோ காரிடார்களில் நடந்திருக்கிறேன். அதில் ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு முனையில் மாடிப்படிக்குப் போகும் தீத்தடுப்புக் கதவு. காற்று வரட்டும் என்று அதை விரியத் திறந்து, தானாக மூடிக்கொள்ளாதபடி ஒரு தீயணைப்பு சிலிண்டரை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். மறுமுனையில் நேராக வெளியே போகும் அவசர வாசல். அதன் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துச் சங்கிலி சுற்றிப் பூட்டு போட்டிருந்தது. சாவி எங்கே என்று கேட்டேன். செக்யூரிட்டியிடம் இருக்கும் என்றார்கள். செக்யூரிட்டியோ, பகல் ஷிஃப்ட்காரர் கையோடு கொண்டு போயிருப்பார் என்றார்.

மூடியிருக்க வேண்டியது திறந்து கிடந்தது, திறக்க வேண்டியது பூட்டிக் கிடந்தது. அங்கே இருந்த யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. இரண்டு கதவுகளுக்கும் வேலை வேறு வேறு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவசர வாசலின் வேலை, எந்த நேரத்திலும் எவர் தள்ளினாலும் திறப்பது. தீத்தடுப்புக் கதவின் வேலை, ஆள் கடந்ததும் மூடிக்கொண்டு புகையையும் நெருப்பையும் தடுத்து நிறுத்துவது. மாடிப்படிக் கதவு போன்ற சில கதவுகள் இரண்டு வேலையையும் செய்தாக வேண்டும். கீழே வரும் விதிகள் எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறந்தவைதான்.

அளவுகள் நாட்டுக்கு நாடு மாறும். நான் தரும் எண்களில் பெரும்பாலானவை அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வெளியிட்டு, பல நாடுகளில் பின்பற்றப்படும் என்.எஃப்.பி.ஏ. 101, என்.எஃப்.பி.ஏ. 80 ஆகிய தரநிலைகளில் உள்ளவை. உங்கள் ஊர்ச் சட்டம் இன்னும் கடுமையாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வழி முழுவதையும் காலால் நடந்து பாருங்கள்

வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தால் எல்லா வழியும் சரியாகத்தான் இருக்கும். எழுந்து நடந்தால்தான் உண்மை தெரியும். கட்டடத்தின் மிகத் தொலைவான மூலையை, வாசலே கண்ணில் படாத ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து கிளம்பி, கட்டடத்தை விட்டு முழுவதுமாக வெளியேறித் திறந்தவெளியில் கால் வைக்கும்வரை நிற்காமல் நடங்கள்.

இந்த வழிக்கு மூன்று பகுதிகள் உண்டு. அறையிலிருந்து மாடிப்படிக் கதவுவரை முதல் பகுதி. தீ புகாதபடி சுவரெழுப்பிய மாடிப்படி இரண்டாவது. மாடிப்படி முடியும் இடத்திலிருந்து தெருவரை மூன்றாவது. முதல் இரண்டையும் பார்த்துவிட்டு மூன்றாவதை மறந்துவிடுவார்கள். கதவு அழகாகத் திறக்கும், வெளியே வரிசையாக இருசக்கர வண்டிகள் நிற்கும். அவற்றைத் தாண்டினால் சுற்றுச்சுவர், அதில் ஒரு கேட், கேட்டில் பூட்டு. அங்கே நின்றுபோகும் கூட்டத்துக்குப் பின்னால் மாடிப்படி முழுக்க ஆட்கள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். வழி தெருவில் போய் முடிய வேண்டும், சுவரில் அல்ல.

இன்னொரு முறை இரவில் நடங்கள், விளக்கை அணைத்துவிட்டு. பகலில் கண்ணுக்கே தெரியாத ஒற்றைப் படி, தரையில் ஓடும் ஒயர், பாதி வழியில் நிற்கும் அலமாரி எல்லாம் அப்போதுதான் காலில் தட்டும்.

படி 2: எத்தனை வழி, எவ்வளவு தள்ளி, எவ்வளவு அகலம்

ஒரு மாடிக்குக் குறைந்தது இரண்டு வழி என்பது அடிப்படை. ஒரு மாடியில் 500 பேருக்கு மேல் இருந்தால் மூன்று, 1000 பேருக்கு மேல் என்றால் நான்கு. மிகச் சிறிய கட்டடங்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

இரண்டு வழி இருந்தால் மட்டும் போதாது, அவை ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவு வைத்தால் ஒரே புகை இரண்டையும் மறைத்துவிடும். இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. தளத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். இரண்டு வழிகளுக்கும் இடைப்பட்ட தூரம் அதில் பாதியாவது இருக்க வேண்டும். தீயின் சூட்டில் தானே நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் கட்டடம் முழுக்க இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும்.

கதவு திறந்த நிலையில் உண்மையில் ஆள் நுழையக்கூடிய அகலம் சுமார் 81 செ.மீ. இருக்க வேண்டும். சில நாடுகளில் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. இதைக் கதவுப் பலகையின் அகலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கதவைத் திறந்து, அதன் முகத்திலிருந்து எதிர் நிலைச்சட்டம்வரை டேப் வைத்து அளக்க வேண்டும். இரட்டைக் கதவில் ஒரு பக்கம் மேலும் கீழும் தாழ் போட்டே கிடந்தால், உங்களிடம் இருப்பது பாதி வாசல்தான்.

படி 3: தள்ளினால் திறக்கிறதா?

இந்தப் படியில் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு பெரிய சாவு இருக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்தில், விக்டோரியா ஹால் என்ற அரங்கில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நடந்தது. முடிவில் பரிசு கொடுக்கிறார்கள் என்றதும் மேல்மாடத்துக் குழந்தைகள் படியிறங்கி ஓடினார்கள். படியின் அடியில் இருந்த கதவு உள்பக்கமாகத் திறப்பது. ஒரு நேரத்தில் ஒரு குழந்தை மட்டும் நுழையும் அளவுக்குத் திறந்து, தாழ் போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். 183 குழந்தைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து மூச்சுத் திணறி இறந்தார்கள். அங்கே தீயே இல்லை. ஒரு கதவும் ஒரு தாழும்தான். கதவின் குறுக்கே கிடந்து, தள்ளினாலே தாழை விடுவிக்கும் கம்பியான பேனிக் பார் பிறந்தது இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் 1892இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்குவா நாடக அரங்கில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பல கதவுகள் பூட்டியிருந்தன, சிலவற்றின் தாழ்ப்பாளை எப்படித் திறப்பதென்றே வந்தவர்களுக்குத் தெரியவில்லை. 1942இல் பாஸ்டனின் கோகோநட் குரோவ் விடுதியில் 492 பேர். முன்வாசலில் இருந்த சுழல்கதவு கூட்ட நெரிசலில் சிக்கி நின்றுவிட்டது. மற்ற வாசல்களில் சில உள்பக்கமாகத் திறப்பவை, சில பூட்டியிருந்தவை.

உள்பக்கம் திறக்கும் கதவு ஏன் கொல்கிறது? முதலில் வருபவர் கதவை இழுத்துத் திறக்க ஓரடி பின்னால் நகர வேண்டும். பின்னால் நூறு பேர் நெருக்கினால் அந்த ஓரடி கிடைக்காது. அதனால்தான் 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் அறையின் கதவு, மக்கள் வெளியேறும் திசையிலேயே திறக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

இப்போது உங்கள் கதவின் முன் நின்று பாருங்கள். சாவி, கருவி, தனித் திறமை எதுவும் இல்லாமல், ஒரே அசைவில் திறக்க வேண்டும். மேலே ஒரு தாழ், நடுவில் ஒரு பூட்டு, கீழே ஒரு கொக்கி என்று மூன்று வேலை இருந்தால் அது அவசர வாசல் ஆகாது. தாழை விடுவிக்கச் சுமார் 7 கிலோ விசை, கதவை அசைக்கச் சுமார் 14 கிலோ, அசைந்தபின் முழுவதும் திறக்க மறுபடி 7 கிலோ. இதைத் தாண்டக் கூடாது. ஸ்பிரிங் தராசைக் கைப்பிடியில் மாட்டி இழுத்துப் பார்க்கலாம். தராசு இல்லையென்றால், அந்தக் கட்டடத்திலேயே வலுக்குறைந்த ஒரு பெரியவரைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தள்ளித் திறக்காவிட்டால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். புகை நுழையாதபடி மாடிப்படிக்குள் காற்றழுத்தம் ஏற்றும் விசிறி இருந்தால், அதை ஓடவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். விசிறி ஓடும்போது கதவு இன்னும் கனக்கும்.

திருட்டு பயத்தை என்ன செய்வது?

முதலில் சொன்ன கட்டடத்துச் சங்கிலியை அன்று மாலையே வெட்ட வைத்தேன். அடுத்த வாரம் போனால் புதுச் சங்கிலி தொங்கியது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் உட்கார்ந்து பேசியபோது அவர்கள் பக்கமும் புரிந்தது. அந்த வாசல் வழியாகப் பொருள் போகிறது, அதைத் தடுக்க வேறு வழியை யாரும் காட்டவில்லை. விதியை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் சங்கிலி திரும்ப வரத்தான் செய்யும்.

இந்தப் பயம் புதிதல்ல. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியில் மாடிப்படிக்குப் போகும் ஒரு கதவு பூட்டியிருந்தது. தொழிலாளர்கள் துணி எடுத்துப் போய்விடக் கூடாது என்பதற்காக, எல்லாரும் ஒரே வாசலில் பையைக் காட்டிவிட்டுப் போகும்படி வைத்திருந்தார்கள்.

சரி, மாற்று என்ன? வெளியிலிருந்து வருவதை எவ்வளவு வேண்டுமானாலும் தடுங்கள், அதில் தவறில்லை. உள்ளிருந்து போவதைத் தடுக்கக் கூடாது. வெளிப்பக்கம் கைப்பிடியே இல்லாத கதவு வைக்கலாம். பேனிக் பாரைத் தள்ளியதும் அலறும் பேட்டரி அலாரம் மாட்டலாம். விலை குறைந்தது, பொருள் எடுத்துப் போகிறவரை அதுவே தயங்க வைக்கும். அதை நோக்கி ஒரு கேமரா வைக்கலாம். சில வகைக் கட்டடங்களில் தாமதப் பூட்டுக்கு அனுமதி உண்டு. தள்ளியதும் அலாரம் ஒலிக்கும், 15 வினாடியில் கதவு தானே விடும். தீ அலாரம் அடித்தால் அந்த 15 வினாடியும் கிடையாது, உடனே விட்டுவிட வேண்டும். அந்தக் கட்டடத்தில் கடைசியில் அலாரம்தான் மாட்டினார்கள். சங்கிலி அப்புறம் வரவில்லை.

கார்டு தட்டித் திறக்கும் காந்தப் பூட்டு இருந்தால் மூன்று சோதனை செய்யுங்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள், பூட்டு விட வேண்டும். தீ அலாரத்தை அடிக்க வையுங்கள், விட வேண்டும். கதவருகே இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்துங்கள், விட வேண்டும். பொத்தான் கணினிக்குச் செய்தி அனுப்பி, கணினி யோசித்துப் பூட்டை விடும்படி இணைத்திருந்தால் ஏற்காதீர்கள். பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே அது நேராகத் துண்டிக்க வேண்டும்.

இன்னொன்று. மாடிப்படிக்குள் நுழைந்ததும் பின்னால் கதவு பூட்டிக்கொள்ளும் கட்டடங்கள் உண்டு. பத்தாம் மாடியில் படிக்குள் நுழைந்தவர் ஐந்தாம் மாடியில் புகையைக் கண்டால் எங்கே போவார்? உயரமான கட்டடங்களில் படிக்குள்ளிருந்து மாடிக்குத் திரும்ப நுழைய வழி இருக்க வேண்டும், அல்லது தீ அலாரம் அடித்ததும் படிக் கதவுகளின் பூட்டு விட வேண்டும். எந்தெந்த மாடியில் திரும்ப நுழையலாம் என்று படிக்குள்ளேயே எழுதியிருக்க வேண்டும்.

படி 4: தீத்தடுப்புக் கதவு தானாக மூடுகிறதா?

2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில், ஒரு வீட்டில் மின் ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. நெருப்பு அந்த வீட்டையும் அதன் வாசலையும் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. ஆனால் தானாக மூட வேண்டிய வீட்டுக் கதவு மூடவில்லை. மேல்மாடி ஒன்றில் படிக் கதவும் திறந்து நின்றது. மாடிப்படி புகைக்கூண்டாக மாறியது. இறந்த 17 பேரில் 8 பேர் குழந்தைகள், எல்லாரும் புகையால்தான் இறந்தார்கள். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்த தீயிலும், வீட்டுக் கதவுகளில் தானாக மூடும் கருவி இல்லாததும் பழுதானதும் புகை பரவக் காரணங்களில் ஒன்று.

தீத்தடுப்புக் கதவு என்பது தடித்த பலகை மட்டும் அல்ல. பலகை, நிலை, கீல்கள், பூட்டு, கதவைத் தானே மூடவைக்க மேலே இருக்கும் குளோசர், ஓரத்துப் பட்டைகள், கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஒன்றாக உலையில் வைத்துச் சோதிக்கப்பட்டவை. 30 நிமிடம், 60 நிமிடம், 120 நிமிடம் என்று தரம் கொடுப்பது அந்த மொத்தத் தொகுப்புக்குத்தான். சோதனை உலையில் 30ஆவது நிமிடத்தில் வெப்பம் சுமார் 840 டிகிரி செல்சியஸ் இருக்கும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். கழன்று விழுந்த ஸ்டீல் கீலுக்குப் பதில் கடையில் கிடைத்த அலுமினியக் கீலை மாட்டினால், 60 நிமிடக் கதவு கீல் உருகும் நேரம்வரைதான் நிற்கும்.

ஒரு கதவைப் பார்த்து முடிக்க ஐந்து நிமிடம் போதும். நான் பார்க்கும் வரிசையில் சொல்கிறேன்.

முதலில் மூடவிட்டுப் பாருங்கள். முழுவதும் திறந்து கையை விடுங்கள். மெல்ல வந்து, கடைசியில் டக் என்று பூட்டின் நாக்கு நிலைச்சட்டத்துக் குழியில் விழும் சத்தம் கேட்க வேண்டும். அடுத்து ஒரு சாண் அளவு மட்டும் திறந்து விடுங்கள். பெரும்பாலான கதவுகள் தோற்பது இதில்தான். வேகம் எடுக்க இடமில்லாததால் வந்து நிலையில் ஒட்டி நிற்கும், நாக்கு விழாது. பார்வைக்கு மூடிய கதவுதான். ஆனால் அறையில் நெருப்பு பெருகி அழுத்தம் ஏறினால், பிடிமானம் இல்லாமல் திறந்துகொள்ளும். அநேகமாகக் குளோசரில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்துவிடலாம். எண்ணெய் வழிந்திருந்தால் குளோசரையே மாற்றுங்கள்.

பிறகு கதவைத் திறந்து அதன் விளிம்பைக் கிட்டே போய்ப் பாருங்கள், மொபைல் லைட்டை அடித்து. பலகையின் விளிம்பிலோ நிலைச்சட்டத்திலோ ஒரு காடி ஓடும். அதில் விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு பட்டை பதித்திருக்கும். அது சுமார் 200 டிகிரியில் பல மடங்கு உப்பி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைத்துவிடும். அதன் நடுவிலோ பக்கத்திலோ மீசைமயிர் போல மெல்லிய பிரஷ் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஏன்? தீ பிடித்த முதல் நிமிடங்களில் வரும் புகை அவ்வளவு சூடாக இருக்காது, பட்டை உப்பாது. அந்த நேரத்தில் புகையைத் தடுப்பது பிரஷ்தான். பெயிண்ட் அடிப்பவர்கள் கதவோடு சேர்த்துப் பிரஷையும் பூசிவிடுவார்கள். விரலால் தொட்டால் மயிர் எல்லாம் ஒட்டிக் கட்டியாகிக் கல் போல இருக்கும். அதைப் பிடுங்கிப் புதுசு போட வேண்டும். சுரண்டிச் சரிசெய்ய முடியாது.

கதவை மூடி அந்த இடைவெளியைப் பாருங்கள். மேலேயும் பக்கங்களிலும் 3 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். இரண்டு நாணயங்களை ஒன்றாகச் சேர்த்தால் அந்தத் தடிமன் வந்துவிடும், அது தளர்வாக நுழைந்து ஆடினால் சந்து அதிகம். அடியில் 19 மி.மீ.தான் எல்லை. புகை தடுக்க வேண்டிய கதவில் அடிச்சந்து இன்னும் குறைய வேண்டும்.

கீலில் ஒவ்வொரு துளையிலும் திருகாணி இருக்கிறதா? வழக்கமாக மூன்று கீல் இருக்கும். பழைய பூட்டைக் கழற்றிய ஓட்டை அப்படியே இருக்கிறதா? அதை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தால் போதாது. கண்ணாடி உடைந்தபோது சாதாரணக் கண்ணாடி போட்டுவிட்டார்களா? வெப்பத்தில் அது சீக்கிரமே வெடித்து விழும். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் சாதாரண ஃபோம் அடித்திருக்கிறார்களா? அதுவே எரியும். கடைசியாகக் கீல் பக்க விளிம்பிலோ மேல்விளிம்பிலோ தரம் எழுதிய முத்திரை இருக்க வேண்டும். அதன்மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. கதவில் அறிவிப்புப் பலகை மாட்ட வேண்டுமானால் ஆணி, திருகாணி வேண்டாம், ஒட்டுங்கள். அதுவும் கதவுப் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

காற்று வேண்டும், தள்ளுவண்டி போக வேண்டும் என்பதால்தான் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறார்கள். அந்தத் தேவை நியாயமானது. மரக்கட்டையை மட்டும் பிடுங்கினால் நாளைக்குச் செங்கல் வரும். அலாரம் அடித்ததும் தானே விடும் காந்தப் பிடியைச் சுவரில் மாட்டுங்கள். சாதாரண நேரத்தில் கதவு திறந்தே நிற்கும், ஆபத்து என்றதும் மூடிக்கொள்ளும். பல வருடம் திறந்தே நிற்கும் கதவு வளைந்துபோய் மூடாமல் போவதும் உண்டு. அதனால் இரவில் எல்லாக் கதவையும் மூடிவைக்கும் வழக்கம் நல்லது.

படி 5: இருட்டிலும் வழி தெரிகிறதா?

மின்சாரம் போனதும் அவசர விளக்குகள் எரிய வேண்டும், குறைந்தது 90 நிமிடம். சில நாடுகளில் 3 மணி நேரம். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பாருங்கள். வருடம் ஒருமுறை முழு நேரமும் எரியவிடுங்கள். 30 வினாடியில் பிரகாசமாக எரியும் பழைய பேட்டரி 20ஆவது நிமிடத்தில் செத்துப்போவதை வருடச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

கதவை நோக்கி ஓடும் பச்சை மனிதனின் குறி ஜப்பானிய வடிவமைப்பாளர் யுகியோ ஓட்டாவின் குழு உருவாக்கியது. மொழி தெரியாதவருக்கும் புரியும். காரிடாரில் எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு குறி கண்ணில் பட வேண்டும், திரும்பும் இடத்தில் எல்லாம் அம்பு இருக்க வேண்டும். அவசர வாசலுக்குத் திரை போடாதீர்கள், பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி மாட்டாதீர்கள். புகையில் அது திசையைக் குழப்பும். வாசல் போலத் தெரிந்து ஸ்டோர் ரூமுக்குப் போகும் கதவில் ‘வழி இல்லை’ என்று பெரிதாக எழுதுங்கள்.

படி 6: மாடிப்படியைக் காலியாக வையுங்கள்

இதில் விளக்க எதுவும் இல்லை. அட்டைப்பெட்டி, பழைய நாற்காலி, செருப்பு ஸ்டாண்டு, சைக்கிள், பூந்தொட்டி, துடைப்பம் எதுவும் தீப்படியில் இருக்கக் கூடாது. ‘இரண்டு நாளைக்குத்தான்’ என்பதும் கூடாது. படிக்கு அடியில் இருக்கும் முக்கோண இடம் ஸ்டோர் ரூம் அல்ல.

படி 7: படி இறங்க முடியாதவர்கள்

சக்கர நாற்காலியில் இருப்பவர், முழங்கால் வலிக்காரர், கர்ப்பிணி, கட்டுப்போட்ட காலோடு இந்த மாதம் மட்டும் ஊன்றுகோலில் வருபவர். இவர்களுக்கு ஒரு ஏற்பாட்டைத் தீ வருவதற்கு முன்பே பேசி வைக்க வேண்டும். தீத்தடுப்புச் சுவருக்குள், படித்தளத்திலேயே, மற்றவர்கள் இறங்கும் வழியை மறிக்காமல் அவர்கள் காத்திருக்க ஒரு இடம் குறித்திருக்க வேண்டும். அங்கிருந்து பேச இருவழித் தொடர்புக் கருவி வேண்டும். படியில் சறுக்கி இறக்கும் நாற்காலி வாங்கினால், அதை இயக்கப் பழகிய ஆட்கள் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் இருக்க வேண்டும். உறை பிரிக்காத நாற்காலிகளை நிறையவே பார்த்திருக்கிறேன். முக்கியமாக, அந்த ஏற்பாட்டைச் சம்பந்தப்பட்டவரிடமே கேட்டுச் செய்யுங்கள். தன்னை எப்படித் தூக்கினால் வலிக்காது என்று அவருக்குத்தான் தெரியும்.

படி 8: நோட்டும் ஒத்திகையும்

தினமும் காலை, கட்டடம் திறக்கும் நேரத்தில் ஒருவர் எல்லா அவசர வாசலையும் தள்ளித் திறந்து பார்க்க வேண்டும். அவர் பெயர் நோட்டில் இருக்க வேண்டும். ‘எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். மாதம் ஒருமுறை விளக்கும் குறிகளும். தீத்தடுப்புக் கதவுகளை வருடம் ஒருமுறையாவது பயிற்சி பெற்றவர் முழுமையாகச் சோதித்து எழுதித் தர வேண்டும். ஆட்கள் ஓயாமல் புழங்கும் கதவு என்றால் அடிக்கடி. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு எண் கொடுங்கள், பழுது எந்தத் தேதியில் தெரிந்தது, எந்தத் தேதியில் சரியானது என்று இரண்டையும் எழுதுங்கள். இரண்டு தேதிக்கும் நடுவில் உள்ள இடைவெளியே அந்த நிர்வாகத்தைப் பற்றி எனக்கு எல்லாம் சொல்லிவிடும்.

ஒத்திகை வைக்கும்போது ஒரு வழியை வேண்டுமென்றே மறியுங்கள். ‘இங்கே புகை’ என்று எழுதிய அட்டையோடு ஒருவர் பிரதான படிக்கட்டில் நிற்கட்டும். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், ஸ்டேஷன் என்ற இரவு விடுதித் தீயில் 100 பேர் இறந்தார்கள். வேறு வாசல்கள் இருந்தும் பெரும்பாலானவர்கள் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடினார்கள், அங்கே நெரிசலில் அடைத்துக்கொண்டது. பயத்தில் கால் பழகிய வழிக்குத்தான் போகும். இரண்டாவது வழியையும் காலுக்குப் பழக்கிவிடுவதற்குத்தான் ஒத்திகை.

தீப்பிடித்துவிட்டால்

அறைக் கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், கீழிருந்து மேலாக. சூடாக இல்லையென்றால் தோளை முட்டுக்கொடுத்து மெதுவாக, கொஞ்சமாகத் திறங்கள். புகை முகத்தில் அடித்தால் உடனே மூடுங்கள். வழி தெளிவாக இருந்தால் குனிந்து போங்கள், லிஃப்டுக்குப் போகாதீர்கள். கடந்து போகும் ஒவ்வொரு கதவையும் உங்கள் பின்னால் மூடிக்கொண்டே போங்கள், பூட்டாதீர்கள். அமெரிக்காவில் யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உண்மையான வீடுகளை எரித்துப் பார்த்தபோது, திறந்த அறையில் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நேரத்தில், சாதாரணக் கதவை மூடியிருந்த அறையில் 40 டிகிரிக்குள்தான் இருந்தது.

கதவு சூடாக இருந்தால் திறக்காதீர்கள். ஈரத்துணியால் அடிச்சந்தையும் பக்கங்களையும் அடையுங்கள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து எந்த மாடி, எந்த அறை, எத்தனை பேர் என்று சொல்லுங்கள். ஜன்னலில் துணியோ வெளிச்சமோ காட்டுங்கள். ஜன்னலைத் திறந்ததும் வெளியிலிருந்து புகை வந்தால் அதையும் மூடிவிடுங்கள்.

வெளியே வந்துவிட்டால் குறித்த இடத்தில் நின்று தலை எண்ணுங்கள். ஒருவர் குறைந்தால் தேடிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். அவர் கடைசியாக எந்த மாடியில், எந்த எண் கதவுக்குப் பின்னால் இருந்தார் என்று வரும் தீயணைப்பு வீரரிடம் சொல்லுங்கள்.